நாற்பத்து நான்காவது ஆட்டம்

நீலாவும் நானும் அதற்கு முன் நாற்பத்து மூன்று முறை செஸ் ஆடியிருந்தோம். வீட்டிலும் ரயிலிலும் போனிலும் ஆடியதைச் சேர்க்காமல், போட்டிகளில் ஆடியது மட்டும். அவள் பதினான்கு வென்றிருந்தாள், நானும் பதினான்கு. மிச்சம் பதினைந்தும் டிரா. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளி மைதானத்து ஷாமியானாவுக்குக் கீழே முதல் ஆட்டம் ஆடியபோது எங்களுக்குப் பதினொரு வயது. இப்போது இருவருக்கும் இருபத்தைந்து. இத்தனை வருடத்தில் யாரும் யாரையும் ஒரு ஆட்டத்துக்கு மேல் முந்தியதில்லை.

எண்ணிக்கையை நினைவில் வைத்திருப்பவள் அவள்தான். ஆட்டத்துக்கு முன் கை குலுக்கும்போது வணக்கத்துக்குப் பதிலாக அதைச் சொல்வாள்.

"நாப்பத்தி நாலு," என்றாள் அன்றைக்கும். "இன்னாடி ஜானு, கை இப்டி சில்லுனு கீது? ஐஸ் பொட்டிலேர்ந்து எடுத்தா மாரி."

"உன் கைதான் சுடுது."

"விடிகாலைல ஏலத்துல நின்னுகினு இருந்தேன். அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. நான்தான் கத்துனேன். வஞ்சிரம் வாங்க வந்தவன் இன்னா சொன்னான் தெரியுமா? உன் கொரலுக்கே ரெண்டு கிலோ கூட எடுக்கலாம்னான்."

சிரித்தேன். காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுவிட்டு, குளித்து, தலை ஈரத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் சுடிதாரில் பவுடர் வாசனை மட்டும்தான் இருந்தது. அதற்காக அவள் எவ்வளவு தேய்த்துக் குளிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

திருவொற்றியூரில், எண்ணூர் சாலையைப் பார்த்த ஒரு கல்யாண மண்டபத்தில் மாநில மகளிர் அணிக்கான தேர்வுப் போட்டி நடந்தது. முந்தின வாரத்து வரவேற்பின் தெர்மோகோல் எழுத்துகளில் பாதி இன்னும் மேடைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசிச் சுற்று. அணியில் நான்கு இடம், மூன்று முடிவாகிவிட்டது. நான்காவது இடத்துக்கு நீலா, நான், கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி. நீலாவும் நானும் மோதும் இந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் அவளுக்கு இடம். டிரா ஆனால் இருவருக்கும் இல்லை, கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் போய்விடும். அவள் தன் ஆட்டத்தை அரை மணியில் முடித்துவிட்டு, அப்பாவுடன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தாள்.

அந்த நான்காவது இடம் எங்களுக்கு ஏன் தேவை என்பது இருவருக்கும் மனப்பாடம். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். மாநில அணிச் சான்றிதழ் வேண்டும். வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. அடுத்த வருடம் நாங்கள் தாண்டிவிடுவோம். என் அப்பா வால்டர் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அவர் போனபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வந்தோம். அம்மா இன்னும் யாரிடமாவது பேசும்போது "நாங்க ரயில்வே" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத்தில் பெட்டி எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். நீலாவுக்கு ஏலத்திலிருந்து வெளியே வர வேறு கதவே இல்லை.

"யாருக்குக் கெடைச்சாலும் இன்னொருத்தி அழக் கூடாது, சரியா?" என்று முந்தின நாள் சொன்னாள். "அழுவுறதுன்னா வூட்டுக்குப் போயி அழுவணும்."

எங்களுக்குள் சில வழக்கங்கள் இருந்தன. ஆட்டம் முடிந்ததும், தோற்றவள் ஜெயித்தவளின் ஆட்டத்தாளை வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஆட்டத்தாள் என்பது நகர்வுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வரும் தாள். அசல் நடுவருக்கு, கார்பன் பிரதி நமக்கு. நாங்கள் இருவருமே ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் அவரவருக்குக் கடிகாரத்தில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று சின்னதாக எழுதிவிடுவோம். எந்த இடத்தில் எவ்வளவு யோசித்தோம் என்று பிறகு தெரியும். தோற்றவள் அந்தத் தாளை வைத்து வீட்டில் தனியாக ஆடிப் பார்த்து, சிவப்புப் பேனாவில் குறித்துத் திருப்பிக் கொடுப்பாள். திட்டும் அதில்தான், பாராட்டும் அதில்தான்.

இன்னொன்றும் உண்டு. பதினைந்து வயதில், விழுப்புரத்தில் ஒரு போட்டி. நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்து உட்கார்ந்திருந்தேன். அழுத்தாதவரை ஓடுவது நம் நேரம்தான். நீலா சுண்டுவிரலால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேசையை இரண்டு முறை தட்டினாள். அவள் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. எதிராளிக்கு அந்தக் கடமையை விதி கொடுக்கவில்லை. நடுவர் பார்த்தாலும் அவர் வாய் திறக்கக் கூடாது. அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். அதன்பின் மூன்று முறை நான் அவளுக்குத் தட்டியிருக்கிறேன். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

நீலா வெள்ளை. நான் கறுப்பு. தொடக்கத்தை நான் வீட்டிலேயே தயார் செய்திருந்ததால் முதல் பதினைந்து நகர்வுகளை வேகமாக ஆடினேன். நீலா யோசித்து யோசித்து ஆடினாள். ராணிகள் வெட்டுப்பட்டன. அவளுக்கு இரண்டு யானை, எனக்கு ஒரு யானையும் இரண்டு குதிரையும். முப்பதாவது நகர்வில் என்னிடம் இருபத்தாறு நிமிடம், அவளிடம் பதினேழு. நிலைமை சமம். கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்த சமம் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறிகள் மெதுவாகி நின்றன. மண்டபத்தில் அறுபது பேர் மூச்சு விடுவது கேட்டது. சாலையில் லாரிகளின் ஹாரன் இன்னும் கிட்டத்தில் வந்தது போலிருந்தது. கடிகாரங்கள் பேட்டரியில் ஓடுபவை. அவை நிற்கவில்லை.

நீலா தன் முப்பத்தோராவது நகர்வுக்கு யானையைத் தூக்கினாள். அந்த நேரத்தில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்ற பெரிய மின்விசிறி ஒரேயடியாகச் சுழல ஆரம்பிக்க, அவளுடைய ஆட்டத்தாள் கார்பனோடு எழும்பியது. யானையை வைத்துவிட்டு, கடிகாரத்துக்குப் போக வேண்டிய கை தாளுக்குப் போனது. பாய்ந்து பிடித்தாள். நகர்வை எழுதினாள். தண்ணீர் பாட்டிலைத் தாள்மேல் நிறுத்தினாள். சேலை முந்தானையைச் செருகுவது போல சுடிதார் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

கடிகாரத்தை அழுத்தவில்லை.

நீலாவுக்கு என் முறை வந்தால் உட்கார்ந்திருக்கப் பிடிக்காது. நான் நீண்ட நேரம் யோசிப்பவள், அவள் நடப்பவள். வாசல் வராந்தாவுக்குப் போய் சாலையைப் பார்த்து நிற்பாள். இந்த மண்டபத்துக்கு வந்த முதல் நாளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்: துறைமுகத்தை நோக்கிப் போகும் கன்டெய்னர் லாரிகளை எண்ணுவது, இருபது ஆனதும் திரும்புவது. "கரெக்டா நாலு நிமிஷம்டி. அஞ்சுக்கு மேல ஆவாது. நான் டெஸ்ட் பண்ணிட்டேன்," என்று சொல்லியிருந்தாள்.

அவள் செருப்பைப் போடாமல் வெறுங்காலோடு வாசலைத் தாண்டினாள். அவள் பக்கத்து எண் 16:48, 16:47 என்று இறங்கியது. என் சுண்டுவிரல் மேசைக்கு மேலே எழுந்தது. அது எழுந்ததை நான் இன்றும் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் தட்டினால் கேட்க எதிரே ஆள் இல்லை.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். வாசல் இருபது அடி தூரம். அங்கே நின்று மேசையைக் காட்டி ஒரு சைகை போதும். எழுந்திருக்கத்தான் நினைத்தேன். முதலில் அவள் யானை எங்கே வந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பார்த்தேன். நல்ல இடம். என் குதிரைக்கு இரண்டு வழிதான் இருந்தது. முதல் வழியைக் கணக்குப் போட்டு நிமிர்ந்தபோது 15:30.

ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருந்தது. இப்போது போய்ச் சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தாய் என்று அவள் கேட்பாள். கேட்கமாட்டாள், பார்ப்பாள். முதல் நொடியில் சொல்வது சுலபமாக இருந்தது. ஒவ்வொரு நொடியும் போகப் போக, சொல்வதற்குள் அதற்கு முந்தின எல்லா நொடிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் இருபது லாரி எண்ணிவிட்டு வந்துவிடுவாள், நாலு நிமிடம்தான், வந்ததும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிக்கொண்டேன். நாலு நிமிடம் பெரிய நஷ்டமில்லை என்றும் சொல்லிக்கொண்டேன்.

தலைமை நடுவர் ஜெயவேல் சார் வரிசைகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் மேசை அருகே நின்றார். போர்டைப் பார்த்தார். எங்கள் இருவர் தாளையும் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் பேசக் கூடாது என்பது எனக்கும் புரியும், எனக்குப் புரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் இரண்டு கைகளையும் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு குனிந்தேன். யோசிப்பவள் போல.

அதுதான் எனக்குப் பிறகு தாங்க முடியாததாக ஆனது. சும்மா இருந்தது கூட இல்லை, யோசிப்பது போல இருந்தது. புருவத்தைச் சுருக்கினேன். உதட்டைக் கடித்தேன். ஒரு முறை குதிரையைத் தொடப்போவது போல கையை நீட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டேன். யாருக்காக நடித்தேன் என்று தெரியவில்லை. எதிரே நாற்காலி காலியாக இருந்தது. நடித்துக்கொண்டே உண்மையாகவும் யோசித்தேன். அவளுடைய நேரத்தில், ஒரு அவசரமுமில்லாமல், என் எண் அசையாமல் நிற்க. பதினான்கு வருடத்தில் இவ்வளவு தெளிவாக நான் ஒரு நிலையைப் பார்த்ததில்லை. இரண்டாவது குதிரையை நடுவே கொண்டுவந்தால் மூன்று நகர்வில் அவள் ராஜாவையும் யானையையும் ஒரே சமயத்தில் தாக்கலாம் என்று கண்டுபிடித்தேன்.

10:20 இருக்கும்போது நீலா வாசலில் தலை நீட்டினாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் பார்வை போர்டுக்கு வந்தது. அங்கிருந்து அவளுக்குக் கடிகாரத்தின் எண் தெரியாது; காய்கள் தெரியும். குதிரைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் கன்னத்தில் கை வைத்துக் குனிந்திருந்தேன். அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு. இவள் ஆரம்பித்துவிட்டாள், இனி பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது என்கிற சிரிப்பு. மறுபடி வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

போகும்போது அவள் பாதத்தின் அடி கறுப்பாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் வராந்தாக்கள் எவ்வளவு கூட்டினாலும் நிலக்கரித் தூசு வந்து படியும்.

ஜெயவேல் சார் இரண்டாவது முறை வந்தபோது எங்கள் மேசையில் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோனார்.

5:02. குதிரையை எடுத்து நடுவில் வைத்தேன். வழக்கமாகக் கை கடிகாரத்துக்குப் போகும். இந்த முறை போக வேண்டியதில்லை; ஓடிக்கொண்டிருந்தது அவள் நேரம்தான். இப்போது யார் வந்து பார்த்தாலும் நான் ஆடி, அழுத்தி, அவள் முறைக்காகக் காத்திருப்பது போல இருக்கும். தாளில் நகர்வை எழுதினேன். பக்கத்தில் கை பழக்கமாக 26 என்று எழுதியது. மேலே, முப்பதாவது நகர்வுக்குப் பக்கத்திலும் 26.

அதன்பின் மூன்று நிமிடம் அவள் வரவில்லை.

வந்தபோது 1:52. போர்டைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, நெற்றியில் லேசாக அடித்துக்கொண்டாள். என் மேல் சந்தேகம் துளியும் இல்லை. தன்மேல் மட்டும் கோபம். உட்கார்ந்து என் நகர்வை எழுதி, காதுகளைப் பொத்திக்கொண்டாள். ஒரு நகர்வுக்கு முப்பது நொடி கூடும். அதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். முப்பத்திரண்டு சரி. முப்பத்து மூன்று சரி. முப்பத்து நாலாவதில் அவளிடம் ஐம்பது நொடி இருந்தது. யானையைத் தூக்கினாள், வைத்தாள், அழுத்தினாள். கையை எடுத்த அந்தக் கணமே தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் காது மடல் சிவப்பதை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தோராவது நகர்வில் கடிகாரத்தை நிறுத்திக் கை நீட்டினாள். இப்போது அவள் கை சில்லென்று இருந்தது.

"பதினஞ்சு, பதினாலு," என்றாள்.

இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஜெயவேல் சார் அசல் தாள்களை வாங்கிக்கொண்டார். "கங்கிராட்ஸ்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

வெளியே டீக்கடையில் நின்றோம். சாலை முழுக்க லாரிகள் அசையாமல் நின்றன. துறைமுக வாசலில் ஏதோ தகராறு என்று டீக்கடைக்காரர் சொன்னார். டிரைவர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தோ பாரு," என்று நீலா கையை நீட்டிக் காட்டினாள். "இந்த லாரிக்காரனுங்கதான் என்னைக் கவுத்தானுங்க. பதினொன்னு எண்ணிக்கினு இருக்கேன், மொத்தமா நின்னுட்டானுங்க. மண்டைல ஒறைக்கவே இல்ல. பன்னண்டாவது லாரி வரும் வரும்னு பாத்துக்கினே நிக்கிறேன் லூசு மாரி. நீ அதுக்குள்ள ஆடிட்ட."

டீ என் நாக்கைச் சுட்டது. இன்னொரு வாய் குடித்தேன்.

"எவ்ளோ நேரம்டி நான் வெளிய நின்னேன்?"

"தெரியல," என்றேன். "நான் போர்டத்தான் பாத்துட்டிருந்தேன்."

இதுதான் நான் அவளிடம் வாயால் சொன்ன முதல் பொய். மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு சொன்னவை.

"சரி வுடு. எடம் கோயமுத்தூருக்குப் போறதுக்குப் பதிலா ராயபுரத்துக்கு வந்துச்சே." டம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "குடு."

"என்ன?"

"இன்னா இன்னா? ஷீட்டு."

பையில் கை விட்டேன். கிழிந்துவிட்டது, தொலைந்துவிட்டது, டாய்லெட்டில் விழுந்துவிட்டது என்று என்னென்னவோ தோன்றியது. கொடுப்பதற்கு முன் அந்த 26ஐ மாற்றலாம் என்றும் தோன்றியது. ஆனால் எப்படி மாற்றுவது? பதினொரு நிமிடம் குறைத்து எழுதினால், அந்த நேரம் என்னுடையதில் ஓடியது என்றாகும். பிறகு அவளுடையது எப்படிக் குறைந்தது? இரண்டு கடிகாரமும் ஒரே சமயத்தில் ஓடாது. அது பொய்க்கு இடம் கொடுக்காத கருவி. தாளை நாலாக மடித்துக் கொடுத்தேன். அவள் பார்க்காமல் பையில் வைத்தாள். ஷேர் ஆட்டோவில் காசிமேடு வரை ஒன்றாகத்தான் போனோம். இறங்கும்போது, "ட்ரீட் வைக்காம டபாய்ச்சுடாத" என்றாள்.

அடுத்த நான்கு நாட்கள் அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. யார்டில் பெட்டி எண்களை ஏற்றும்போது கை நிற்கும். வராந்தாவிலிருந்து தலை நீட்டிச் சிரித்தாளே, அது ஞாபகம் வரும். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவள் கண்டுபிடிப்பாள் என்று எனக்குத் தெரியும். தாளில் 26, 26 என்று இருக்கும். அவள் எட்டிப் பார்த்தபோது நான் குனிந்து யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்தவளின் நேரம் ஏன் குறையவில்லை? பதினொரு வயதுக் குழந்தைகூடக் கேட்கும் கேள்வி. ஒருவேளை அவள் இன்னும் தாளைப் பிரிக்காமல் இருக்கலாம் என்று ஒரு பக்கம் நினைப்பேன். பிரித்துப் பார்த்துத் திட்டிவிட்டால் போதும் என்று இன்னொரு பக்கம். தெருவில் நின்று அவள் ஏலக் குரலில் என்னைத் திட்டுவதாகக் கற்பனை செய்வேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அம்மாவும் நானும் வீடு திரும்பி அரைமணி இருக்கும். நீலா வந்தாள்.

"வாம்மா நீலா," என்றாள் அம்மா. "உன் தோஸ்து நாலு நாளா ஒழுங்கா சாப்புடல. இன்னான்னு நீயே கேளு. ரயில்வே வேலை கெடைக்கப்போற பொண்ணு மாரியா கீது மூஞ்சி?"

"சந்தோஷத்துல பசிக்காது ஆலிஸ் ஆன்ட்டி." நீலா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருப்பாள் என்று நினைத்திருந்தேன், நேராகத்தான் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. ஒரு நிலையைக் கணக்குப் போட்டு முடித்தபின் வரும் களைப்பு மட்டும் இருந்தது.

தெரிந்துவிட்டது.

ரயில்வே விண்ணப்பப் படிவம் மேசையில் பாதி நிரப்பிக் கிடந்தது. அவள் எட்டி எடுத்தாள். ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

"அப்பா பேருல ஒரு எழுத்து வுட்டுட்ட பாரு. இதுக்கெல்லாம் ரிஜெக்ட் பண்ணுவானுங்க." பேனாவை வாங்கி அவளே திருத்தினாள். "தோ, சாதனைன்னு கேட்டுக்கீறானுங்க. நாலாவது எடம்னு எழுதாத. மாநில அணின்னு மட்டும் எழுது. எப்டி வந்தன்னு யாரும் கேக்கப் போறதில்ல."

அம்மா டீயோடு வந்தாள். "நீயும் அடுத்த வருஷம் ட்ரை பண்ணும்மா. மாதா வழி காட்டுவா."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும் ஆன்ட்டி. பரவால்ல, ஏலத்துக்கு வயசு பாக்கறதில்ல." அம்மா சிரித்தாள். நீலாவும் சிரித்தாள். டீயை ஊதி ஊதி முழுவதும் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள், எப்போதும் போல.

கதவுவரை போனேன். மாடிப்படியில் இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள்.

"நீலா," என்றேன்.

"டிவி மேல வெச்சிருக்கேன்," என்றாள். "உன் ஷீட்டு."

படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. வழக்கமாக இரண்டிரண்டு படியாகத் தாவுவாள். அன்றைக்கு ஒவ்வொன்றாக இறங்கினாள்.

தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். நான் மடித்த அதே நாலு மடிப்பு. பிரித்தேன். தொடக்க நகர்வுகளில் சிவப்புப் பேனாவில் அவள் வழக்கமான குறிப்புகள்: "சூப்பர்", "இது எங்க புடிச்ச?", ஒரு கேள்விக்குறி. முப்பதாவது, முப்பத்தோராவது நகர்வுகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. என் 26, அதற்குக் கீழே என் 26. அடிக்கோடுகூடப் போடவில்லை. முப்பத்து நாலாவதில், தான் யானையை நகர்த்திய இடத்தில், மெல்லிய ஒரு வட்டம். ஓரத்தில் எழுதியிருந்தாள்:

"இங்க வேற மூவ் இருக்கு. அத்த கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிஷம் வேணும்."

அவ்வளவுதான். நகர்வு எது என்று எழுதவில்லை.

அம்மா சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம். கட்டிலுக்கு அடியிலிருந்து என் போர்டையும் பழைய கடிகாரத்தையும் இழுத்தேன். அந்த நிலையை அடுக்கினேன். எனக்கு யானை, நடுவில் குதிரை, இன்னொரு குதிரை. அவளுக்கு இரண்டு யானை, ஓரத்தில் ராஜா. போர்டைத் திருப்பி வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடிகாரத்தில் நாலு நிமிடம் வைத்து ஓடவிட்டேன்.

முதல் நிமிடம் எனக்கும் யானையை நகர்த்தத்தான் தோன்றியது. அவள் செய்த அதே தப்பு. இரண்டாவது நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. அப்படி ஒரு நகர்வு இல்லாமல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அது இல்லையென்றால் எப்படியும் நான்தான் ஜெயித்திருப்பேன். அவள் எத்தனை லாரி எண்ணியிருந்தாலும், கடிகாரம் யார் பக்கம் ஓடியிருந்தாலும். மூன்றாவது நிமிடம் கடந்தபோது ராஜாவைப் பார்த்தேன். ராஜாவை மூலைக்குத் தள்ளி, ஒரு சிப்பாயை இழந்து, குதிரை பாயும் இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம். பார்க்க அசிங்கமான நகர்வு. ஐம்பது நொடியில் யாருக்கும் தோன்றாது. அதன்பின் என் குதிரைகளுக்கு அங்கே வேலை இல்லை. நிலைமை மறுபடி சமம். அங்கிருந்து யார் வேண்டுமானாலும் ஜெயித்திருக்கலாம். நானும்கூட.

கடிகாரத்தில் பன்னிரண்டு நொடி மிச்சம் இருந்தது.

ராஜாவை எடுத்து மூலையில் வைத்தேன். பழக்கத்தில் கை தானாகப் போய்க் கடிகாரத்தை அழுத்தியது. எதிர்ப்பக்க எண்கள் இறங்கத் தொடங்கின. அந்தப் பக்கம் நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து சுற்றிப் போகாமல் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அம்மா, படிவத்தில் கையெழுத்துப் போட்டாயா, நாளைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"போட்டுட்டேன்மா," என்றேன்.

இன்னும் போட்டிருக்கவில்லை. எழுந்து போய்ப் போட்டேன்.